பதினேழு, முப்பத்தொன்று, இருபத்தேழு

தஸ்தகீர் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இஷா தொழுகைக்குப் போனதும்
கடைக் கம்ப்யூட்டர் என்னுடையது.
வெளியே கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
பெங்களூர் பஸ்கள் ஹாரன் அடித்துத் திரும்பும்.
உள்ளே, தொப்பூர் போலொரு மலை இறக்கத்தில்
பதினான்கு சக்கர லாரியோடு நான்.
நொடிக்குப் பதினேழு ஃபிரேம்.
பிரேக்கை மிதித்தால்
லாரி யோசித்துத்தான் நிற்கும்.

"ஜெராக்ஸ் ஓடுதில்ல, அது போதும்" என்பார் பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறியில் ஐந்து வருஷத்து ரோட்டுத் தூசி
பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.
பெயின்ட் பிரஷ்ஷால் எழுப்பி விரட்டினேன்.
பிராசசர் தலையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிவிட்டுப்
புதுசு வைத்தேன், ஓர் உளுந்தளவு.
ஓசூரிலிருந்து செகண்ட்ஹேண்ட் ரேம்:
அறுநூற்றைம்பது ரூபாய்,
வீட்டில் சொன்ன பொய் ஒன்று.
பத்தொன்பது.

நிழலை நிறுத்தினேன்,
மரங்கள் தரையில் ஒட்டாமல் நின்றன.
புல்லை நிறுத்தினேன். மழையை நிறுத்தினேன்.
எதிரே வருகிறவர்களுக்குப்
பிசைந்த மாவில் முகம் செய்தேன்.
பக்கக் கண்ணாடிகளை அணைத்தேன்.
பின்னால் வருவதைக் காட்ட
உலகத்தை இன்னொரு முறை வரைய வேண்டுமாம்
இந்தப் பாவப்பட்ட மெஷின்.
அதில் மட்டும் நான்கு ஃபிரேம் லாபம்.
இருபத்தாறு.

மிச்சம் இருந்தது டிஸ்க்.
ஓரம் வரைக்கும் சிவப்பு.
திறந்தால் பாதித் தாலுகா உள்ளே:
ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம்,
மாங்கூழ் கம்பெனிக்கு எழுதிய பயோடேட்டாக்கள்
(எல்லாருக்கும் எக்செல் தெரிந்திருந்தது),
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு,
'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்'.
அடுத்தவர் ஆதார் நம்மிடம் இருக்கக் கூடாது,
எனக்கு நானே ஒரு நியாயம்.
முப்பத்தெட்டு ஜிபி. ஷிஃப்ட், டெலிட்.
முப்பத்தொன்று!
அன்றிரவு லாரி வெண்ணெயில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை
வேப்பனப்பள்ளியிலிருந்து முனிரத்தினம் வந்தார்.
காக்கிச் சட்டை, கையில் பழைய ஃப்ளெக்ஸின் ஒரு கிழிசல்,
அதில் பெயர் மட்டும் இருந்தது.
"போன வருஷம் இங்கதாம்மா அடிச்சோம்.
எங்க சென்னப்பன். வண்டிக் கிளீனர்.
அதே போட்டோ. கண்ணீர் அஞ்சலிய எடுத்துட்டு
முதலாம் ஆண்டுன்னு போடு."

வேறு போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன்.
"அவன் போனு அவனோடயே நசுங்கிப்போச்சு."

தேடினேன். தேடுகிற மாதிரியும் தேடினேன்.
கடைசியில், விண்டோஸ் தனக்காகப் பதுக்கி வைத்திருந்த
குட்டிப் படங்களின் குவியலில் கிடைத்தான்.
அகலம் தொண்ணூற்றாறு புள்ளி, உயரம் தொண்ணூற்றாறு.
பெரிதாக்க, மீசை படிக்கட்டாயிற்று.

அவர் திரையருகே குனிந்தார்.
ஓரடி பின்னால் போனார், இன்னும் ஓரடி,
லேமினேஷன் மெஷினைத் தாண்டி, வாசற்படி இறங்கி,
பார்க் செய்த ஸ்கூட்டிகளுக்கு நடுவே நின்று சொன்னார்:
"இங்கேருந்து பாத்தா அவனேதான்."
பிறகு, "ரோட்டோரமாத்தானே கட்டப்போறோம்.
பஸ்ல போறவன் தூரத்துலருந்துதானே பாப்பான்."

டிசைன் காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார். ஆஃபர் என்றேன்.

ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டே
யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:
"ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நின்னு
வா வா வா, ஹோல்டேன்னு கத்துவான்.
இப்ப நானே எட்டிப் பாத்துக்கறேன்."

அன்றைக்கும் விளையாடினேன், விளையாடாமல் என்ன.
ஷட்டர் பாதி. செட்டிங்ஸ் திறந்தேன்.
நிழல் வேண்டாம், புல் வேண்டாம்,
மழை கட்டுப்படியாகாது.
கண்ணாடிகளை மட்டும் போட்டேன்.
இருபத்தேழு.

லாரி லேசாகத் திக்கியது.
இடது கண்ணாடியில்
நான் கடந்து வந்த சாலை
ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.